மாட்ரிட்டின் இன்று, மெக்சிகோவின் நேற்று

அன்புள்ள ஐயா,

மாட்ரிட்டில் வசிக்கிறேன். வார இறுதியில் இரண்டு பேருக்கு ஆங்கில இலக்கணம் சொல்லித்தருகிறேன். ஒருவர் இந்த ஊர்ப் பெண், இன்னொருவர் மெக்சிகோ நகரத்திலிருந்து படிக்க வந்த இளைஞர். இருவரும் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் இடைநிலையான பி1 முடித்துவிட்டார்கள், அடுத்து அதற்கு மேற்படியான பி2 தேர்வு எழுத வேண்டும். கோடிட்ட இடங்களைச் சரியாக நிரப்புகிறார்கள், ஆனால் வாயைத் திறந்தால் தப்பு வருகிறது. அந்தப் பெண் ‘டுடே ஐ ஹேவ் காட் அப் அட் செவன்’ என்கிறார். இளைஞர் ‘ஹேவ்’ சேர்த்துச் சொல்லும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் பக்கமே போவதில்லை, சொல்லிக்கொடுத்தாலும் மறந்துவிடுகிறார். அக்கறையில்லாதவர் என்று தோன்றுகிறது. ‘பிகாஸ் இஸ் டிஃபிகல்ட்’ என்பதை இருவருமே சொல்கிறார்கள். பி1 இலக்கணத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தவா? எந்தப் புத்தகம் வாங்கலாம்? உச்சரிப்புக்கும், ‘கெட் அப்’ போல வினையோடு சிறு சொல் சேர்ந்த ஃபிரேஸல் வெர்புக்கும் ஏதாவது வழி உண்டா?

எம்., மாட்ரிட்

அன்புள்ள எம்.,

அந்த மெக்சிகோ இளைஞரை அக்கறையில்லாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் தன் ஊரில் பேசுகிறபடியே ஆங்கிலத்திலும் பேசுகிறார், அந்தப் பெண்ணும் அதையேதான் செய்கிறார். இருவர் வீட்டிலும் ஸ்பானிஷ்தான். ஆனால் நடந்து முடிந்ததைச் சொல்லும் முறை அட்லாண்டிக்கின் இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் இன்னொன்று. ‘ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கான ஆங்கிலம்’ என்று எல்லோருக்கும் ஒரே பாடத்தை அச்சடித்துத் தருவதில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. உங்கள் கடிதம் நேராக அந்த இடத்தில் வந்து தொட்டுவிட்டது.

மாட்ரிட்டில் இன்று நடந்ததை ‘எ’ என்ற துணைவினை சேர்த்துத்தான் சொல்வார்கள். ஆங்கில ‘ஹேவ்’ நிற்கும் இடத்தில் நிற்பது அது. ‘ஒய் மெ எ லெவந்தாதோ அ லஸ் ஸியெத்தெ’, அதாவது இன்று ஏழு மணிக்கு எழுந்தேன். இரவு பத்து மணிக்குப் பேசினாலும் காலையில் சாப்பிட்டது ‘எ தெஸயுனாதோ’தான். பேச்சு நேற்றுக்குப் போனதும் ‘தெஸயுனே’ என்று சாதாரண இறந்தகாலத்துக்கு மாறிவிடுவார்கள். அவர்களுக்கு எல்லைக்கோடு நள்ளிரவு. அந்த நாள், அந்த வாரம், அந்த ஆண்டு இன்னும் முடியவில்லை என்றால் ‘எ’ வரும்.

ஆங்கிலம் வைத்திருக்கும் எல்லைக்கோடு வேறு. எப்போது என்று நேரத்தைச் சொல்லிவிட்டால், அது அரை மணி நேரத்துக்கு முன் நடந்திருந்தாலும் ‘ஹேவ்’ இல்லாத சாதாரண இறந்தகாலமான சிம்பிள் பாஸ்ட்தான். ‘ஐ ஹேவ் ஹேட் த்ரீ காஃபீஸ் டுடே’ சரி. இன்றைய நாளில் இதுவரை எத்தனை என்பதுதான் அங்கே பேச்சு. ‘ஐ ஹேட் எ காஃபி அட் எய்ட்’ என்னும்போது எட்டு மணி என்ற ஆணி அடித்தாயிற்று. இனி ‘ஹேவ்’ வர முடியாது. ‘திஸ் மார்னிங்’ இன்னும் நுணுக்கமானது. காலை பதினோரு மணிக்குப் பேசினால் பெர்ஃபெக்ட் வரலாம். மாலையில் பேசினால் காலை முடிந்துபோன ஒன்று, பாஸ்ட்தான் வர வேண்டும்.

இந்த இடத்தில் பாடப்புத்தகங்கள் செய்யும் கெடுதல் பெரிது. டுடே, திஸ் வீக், திஸ் இயர், ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் என்று அடையாளச் சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, இவை வந்தால் பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்று சொல்லிவிடுகிறார்கள். மாட்ரிட் பெண் அதைப் படித்ததும் ‘நம் ஊர் விதியேதான்’ என்று நிம்மதி அடைகிறார். வாக்கியத்தில் ‘டுடே’ இருக்கிறது, எனவே ‘ஹேவ்’ போடுகிறார். பின்னால் வரும் ‘அட் செவன்’ அவர் கண்ணில் படுவதே இல்லை. பயிற்சித்தாளில் அவர் மதிப்பெண் வாங்குவதற்குக் காரணம், அந்த வாக்கியங்கள் பட்டியலை வைத்து எழுதப்பட்டவை என்பதுதான். பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: எப்போது நடந்தது என்று, முடிந்துபோன ஒரு நேரத்தை இதில் சொல்லியிருக்கிறேனா? ஆம் என்றால் பாஸ்ட்.

மெக்சிகோ இளைஞருக்கு இதே பாடத்தை நடத்தினால் வீண்வேலை. அவர் ஊரில் சற்றுமுன் சாப்பிட்டதும் ‘யா கொமி’தான், ‘ஐ ஆல்ரெடி ஏட்’. பேச்சு வழக்கில் அமெரிக்கர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், அதனால் அவர் காதில் அது தப்பாகவே ஒலிக்காது. அதைச் சிவப்பு மையால் சுழிக்காதீர்கள். பிரிட்டிஷ் வழக்கில் ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் மூன்றோடும் பெர்ஃபெக்ட் வரும், தேர்வுக்காக அதையும் பழகிக்கொள் என்று சொன்னால் போதும். அவருக்கும் சொந்தமாக ஒரு பெர்ஃபெக்ட் இருக்கிறது. ‘எ எஸ்துதியாதோ முச்சோ எஸ்தெ மெஸ்’ என்று அவர் சொன்னால், இந்த மாதம் நிறையப் படித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் படிப்பேன் என்று பொருள். ‘ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் எ லாட்’ என்பதற்கு வெகு அருகில் இருக்கிறது அது. அங்கிருந்து தொடங்குங்கள். பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். மாட்ரிட்டில் ‘ப்ரெத்தேரித்தோ பெர்ஃபெக்தோ’ என்று படித்த காலத்தை மெக்சிகோ பள்ளிகளில் ‘அந்த்தெப்ரெஸெந்த்தெ’ என்று படிக்கிறார்கள். வெனிசுவேலாவில் பிறந்த இலக்கண அறிஞர் ஆந்த்ரேஸ் பெல்யோ 1847இல் வெளியிட்ட இலக்கணத்தில் வைத்த பெயர் அது. அவருக்குத் தெரிந்த பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும்.

பாஸ்போர்ட்டைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியா, அஸ்தூரியாஸ், கனேரித் தீவுகளில் மெக்சிகோவைப் போலச் சாதாரண இறந்தகாலமே ஓங்கி நிற்கிறது. பொலிவியா, பெரு மலைப்பகுதிகளில் நேற்று நடந்ததற்குக்கூட ‘எ’ போடுகிறவர்கள் உண்டு. எனவே புதிதாக ஒரு மாணவர் வந்தால் இலக்கணத் தேர்வு வைக்க வேண்டாம். ஐந்து விஷயங்களைத் தன் வீட்டு ஸ்பானிஷில் சொல்லச் சொல்லுங்கள்: இன்று எத்தனை மணிக்கு எழுந்தாய், இந்த வாரம் யாரைப் பார்த்தாய், நேற்று என்ன சாப்பிட்டாய், இதுவரை எந்த நாடுகளுக்குப் போயிருக்கிறாய், இந்த ஊரில் எவ்வளவு காலமாக இருக்கிறாய். வினைச்சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே சறுக்குவார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஐந்தாவது கேள்வியில் இருவருமே சறுக்குவார்கள். ‘விவோ அகி தெஸ்தெ ஆஸெ ஸிங்கோ ஆன்யோஸ்’ என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியவர்கள், ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதற்குப் பதில் ‘ஐ லிவ் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்பார்கள். உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ‘அஞ்சு வருஷமா இங்கே இருக்கேன்’ என்று நாமும் நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம். இந்த ஒன்றுக்கு மூன்று வகுப்புகள் ஒதுக்குங்கள், நான் சொல்வது மிகை இல்லை. ‘ஆஸெ’ தனியாக வந்து வினை இறந்தகாலத்தில் இருந்தால் ‘அகோ’. ‘தெஸ்தெ ஆஸெ’ வந்தால் ‘ஃபார்’. வெறும் ‘தெஸ்தெ’வுக்குப் பின்னால் 2019 என்பதுபோல ஒரு தொடக்கம் வந்தால் ‘சின்ஸ்’. ஆஸெ எண்ணுக்கு முன்னால் நிற்கும், அகோ பின்னால் நிற்கும். அது தெரியாததால்தான் ‘அகோ ஃபைவ் இயர்ஸ்’ பிறக்கிறது.

இதற்கு அவர்கள் மொழியிலேயே நல்ல ஏணி ஒன்று இருக்கிறது. ‘யெவோ ஸிங்கோ ஆன்யோஸ் த்ரபஹாந்தோ அகி’ என்ற அமைப்பைச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டுகளாக இங்கே வேலை பார்க்கிறேன் என்று பொருள். இந்த அமைப்பில் யெவோ என்று தொடங்குவது பெரும்பாலும் ‘ஐ ஹேவ் பீன்’ என்று தொடங்கும், ‘-ஆந்தோ’ இருக்கும் இடத்தில் ‘-இங்’ வரும், காலஅளவு ‘ஃபார்’ சேர்ந்து கடைசிக்குப் போகும். வகுப்புக்கு ஆறு வாக்கியம் போதும். ஆறும் அவர்கள் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும்: வீடு, வேலை, நண்பர், கண்ணாடி, கிட்டார், பல்வலி எதுவானாலும் சரி. எழுதக் கூடாது, வாயால் மட்டும். பிறகு அதே ஆறையும் முடிந்துபோனதாக மாற்றச் சொல்லுங்கள். லீமாவில் ஐந்து ஆண்டு இருந்துவிட்டுக் கிளம்பியவர் ‘ஐ லிவ்ட் இன் லீமா ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும். இந்தத் திருப்பத்தைச் செய்யாமல் விட்டால், ‘ஃபார்’ வந்தாலே பெர்ஃபெக்ட் என்று புதிதாக ஒரு பட்டியலை மனதில் போட்டுக்கொள்வார்கள்.

‘பிகாஸ் இஸ் டிஃபிகல்ட்’ விஷயம் சிறியது. ஸ்பானிஷ் வினையின் விகுதியே எழுவாயைச் சொல்லிவிடும், நம் ‘வந்தேன்’ போல. ‘ஐ’ என்பதை அவர்கள் பெரும்பாலும் விடுவதில்லை, விழுவது ‘இட்’தான். அதுவும் பிகாஸ், இஃப், தட் இவற்றுக்குப் பின்னால்தான் அதிகம் விழும். பேச்சை இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்து, அவர்களையே எழுத்தில் எடுக்கச் சொல்லி, இந்த மூன்று சொற்களையும் வட்டமிடச் சொல்லுங்கள். வட்டத்துக்கு அடுத்து நேராக ‘இஸ்’ நின்றால் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

நீங்கள் கவனிக்காமல் விடக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்க் காது ‘எ’, ‘த’ என்ற ஆர்டிகிள் விடுபடுகிறதா என்றுதான் தேடும், ஏனென்றால் நாம் செய்யும் தப்பு அது. இவர்கள் அதிகமாகப் போடுகிறவர்கள்: ‘த லைஃப் இஸ் ஹார்ட்’, ‘ஐ லைக் த காஃபி’. தொழிலைச் சொல்லும்போது மட்டும் ‘ஐ ஆம் டாக்டர்’ என்று விட்டுவிடுவார்கள்.

பி1 பாடத்தை முதலிலிருந்து நடத்தாதீர்கள். தெரிந்ததையே திரும்பக் கேட்டால் அவர்களுக்கு அவமானமாக இருக்கும். எந்தப் புத்தகம் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை, கையில் இருப்பது போதும். உச்சரிப்பைப் பி2வரை தள்ளிப்போடலாம். ஃபிரேஸல் வெர்பைப் பட்டியலாகக் கற்பிப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

ஒரு வகுப்பில் ஒரு தப்பைத்தான் திருத்த வேண்டும். மற்றவை காதில் விழுந்தாலும் பேசாமல் இருங்கள், கஷ்டம்தான். வரும் சனிக்கிழமை இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, அன்று காலை செய்ததை ஸ்பானிஷில் ஒருவருக்கொருவர் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பெண் ‘எ தெஸயுனாதோ’ என்பார், அவர் ‘தெஸயுனே’ என்பார். அதன்பின் அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லி, மெக்சிகோக்காரர் சொல்வதை முதலில் கேளுங்கள். அந்தப் பயிற்சியில் அவர் ஒரு தப்பும் செய்யமாட்டார்.