சீப்புக்கு அடங்காத முடி: கேட்டவர்களுக்குப் பதில்

மேடம், என் மகளுக்கு இரண்டு வயது. முடி வைக்கோல் மாதிரி எல்லாப் பக்கமும் எழும்பி நிற்கிறது. எண்ணெய் வைக்காததால்தான் என்கிறார் மாமியார்.

எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் 1973-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் 'வார முடியாத முடி' என்றே பெயர் வைத்த ஓர் அரிய மரபணுக் கோளாறு இருக்கிறது, அதுவாக இருக்கலாம். நம் முடியைக் குறுக்கே வெட்டினால் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். இந்தக் குழந்தைகளுக்கு முக்கோணம்! நீளவாக்கில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளமும் ஓடும். அதனால்தான் படியாமல் விறைத்து நிற்கிறது, வெயிலில் மின்னுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நாலைந்து முடியை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இப்போது மரபணுப் பரிசோதனையும் உண்டு. 2016-இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகக் குழு மூன்று மரபணுக்களைக் கண்டுபிடித்தது. ஒன்று முடிக்குள் இருக்கும் டிரைக்கோஹயாலின் என்ற புரதத்துக்கானது, அதைச் செங்கல் என்று வைத்துக்கொண்டால் மற்ற இரண்டும் செங்கலைப் பதமாக்கிப் பூசி இறுக்கும் கொத்தனார்கள். 2022-இல் 107 பேரைச் சோதித்ததில் 76 பேருக்குக் கோளாறு ஒரே கொத்தனாரிடம், பிஏடிஐ3 என்ற மரபணுவில்.

மொட்டை போட்டால் சரியாகுமா டாக்டர்?

வேண்டுதல் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். முடியின் வடிவம் தோலுக்கு அடியில் வேரிலேயே முடிவாகிவிடுவதால், மறுபடி முளைப்பதும் அதே முக்கோணம்தான். பெரும்பாலான குழந்தைகளுக்கு வயதுக்கு வரும் சமயத்தில் தானாகவே படியத் தொடங்கும். அதுவரை அகலப் பல் சீப்பு போதும், இழுத்துப் பின்னாதீர்கள்.

நான் அத்தை மகனைக் கட்டியதால் வந்ததா?

பழி போட வேண்டாம். பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் தெரியும். சொந்தத்தில் கட்டினால் அந்த வாய்ப்பு கூடும், அது உண்மை. ஆனால் சொந்தமே இல்லாத பெற்றோருக்கும் பிறக்கிறது.

அப்படியென்றால் பயப்பட ஒன்றுமே இல்லையா?

முடி மட்டும் இப்படி என்றால் இல்லை. ஆனால் பிறந்ததிலிருந்தே கம்பளி மாதிரி சுருண்ட முடியோடு உள்ளங்கை, உள்ளங்காலும் தடித்து வந்தால் அது வேறு கதை. கிரேக்கத்தின் நக்சோஸ் தீவின் பெயரால் வழங்கும் நோய் அப்படித்தான் காட்டும், அது இதயத்தசையைப் பாதிக்கும். அந்தக் குழந்தைக்கு ஷாம்பூ தேடாதீர்கள், முதலில் ஈசிஜியும் எக்கோவும் எடுங்கள்.