இட்லிப்பூக் குச்சி வேர் பிடிக்குமா?

செம்பருத்தி போல நட்டும் இட்லிப்பூக் குச்சி காய்ந்துவிடுகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பிடிக்கும், ஆனால் இது சாவகாசமான செடி. வேர் விட ஒன்றரை மாதம்கூட ஆகலாம்.

குச்சியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. பச்சை நுனி அழுகிவிடும், முற்றிய கட்டை லேசில் வேர் விடாது. இரண்டுக்கும் நடுவில் பாதி முற்றிய கிளையை, மொட்டு இல்லாததாகப் பார்த்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் போதும். நுனியில் இரண்டு இலையை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து நட்டு, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். வேர் வந்ததா என்று இழுத்துப் பார்க்கும் ஆசைதான் பல குச்சிகளைக் கொல்கிறது!

அப்புறம், தரையில் நடும்போது சிமெண்ட் சுவரை ஒட்டி வேண்டாம். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்தை இந்தச் செடியால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீரைவிட மழைநீர் நல்லது.