அலமாரியில் ஏழு க்ரீம், காலில் வெடிப்பு

கேள்வி: எனக்கு வயது 38. குளிர்காலம் தொடங்கினாலே தோல் இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுகிறது. ராத்திரி போர்வைக்குள் போனதும் அரிப்பு தாங்க முடியவில்லை. முகமோ எதைப் பூசினாலும் காந்துகிறது. சுடச்சுடக் குளித்தால்தான் அரிப்பு அடங்குகிறது என்பதால் காலையும் இரவும் நன்றாகச் சோப்புப் போட்டுக் குளிக்கிறேன். தண்ணீரும் நிறையக் குடிக்கிறேன். அலமாரியில் ஏழு க்ரீம் இருக்கிறது, ஒன்றாலும் பிரயோஜனமில்லை. எட்டாவதாக எதை வாங்கலாம்? (உதடும் வெடிக்கிறது. நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டே இருக்கிறேன்.)
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எட்டாவதை இப்போதைக்கு வாங்காதீர்கள். கடிதத்தில் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்களே ஒரு வரி, "சுடச்சுடக் குளித்தால்தான் அரிப்பு அடங்குகிறது" என்று, பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

அடங்கும், நான் மறுக்கவில்லை. சூடு உறைத்தால் அரிப்பு கொஞ்ச நேரம் அமுங்கித்தான் போகும். ஆனால் துவட்டிவிட்டு வந்து அரை மணி ஆகட்டும், போனது வட்டியோடு திரும்பி வரும். வந்ததும் மறுபடி சுடுதண்ணீர். சொறிந்த இடத்தையே சொறிவது மாதிரிதான் இதுவும். நகத்துக்குப் பதில் தண்ணீர்.

தோலின் ஆக மேலே இருக்கும் அடுக்கைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். உடம்பின் பெரும்பகுதியில் அது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். அதற்குள் காய்ந்து தட்டையான செல்கள் பதினைந்து, இருபது வரிசை. செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். செங்கல்லுக்கு நடுவே பூசியிருக்கும் சாந்து கொழுப்பால் ஆனது. எடையில் அதன் பாதி செராமைடு, மீதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். உடம்பின் ஈரம் வெளியே ஆவியாகாமல் காப்பதும், வெளியிலிருக்கும் எரிச்சல் பொருள்கள் உள்ளே இறங்காமல் தடுப்பதும் இந்தச் சாந்துதான். சுடுதண்ணீர் அதை இளக்கும், சோப்பு அள்ளிக்கொண்டு போகும். போதாததற்குத் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, அதன் பிஎச் ஏறக்குறைய 4.5 முதல் 5.5 வரை. வழக்கமான கட்டிச் சோப்போ 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். நீங்கள் தினம் இரண்டு வேளை சுவரைக் கரைத்துவிட்டு, மேலே எந்தப் பெயின்ட் அடித்தால் நிற்கும் என்று கேட்கிறீர்கள்.

அப்படியானால் கோடையில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? காற்றுதான் காரணம். பூஜ்ஜியம் டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராம் நீராவியைத்தான் பிடித்துவைக்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரால் 22 டிகிரிக்குச் சூடானால் 19 கிராம் வரை பிடிக்கத் தயாராகிவிடுகிறது, ஆனால் கையில் இருப்பது அதே 5 கிராம். வெளியே ஈரப்பதம் நூறு சதவீதமாக இருந்தாலும் அறைக்குள் இருபத்தைந்து சதவீதத்தைத்தான் தொடும். இப்படித் தாகத்தோடு அலையும் காற்று கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் ஈரத்தை உறிஞ்சும். சாந்து உதிர்ந்த சுவர் என்றால் அதற்கு இன்னும் வசதி. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பிகளே குறைவு என்பதால் முதல் அடி அங்கே விழுகிறது.

நீங்கள் குடிக்கும் தண்ணீரையும் இங்கேயே முடித்துவிடலாம். தாகத்துக்குக் குடியுங்கள். செம்பு செம்பாகக் குடிப்பதால் முழங்கால் வழுவழுப்பாகிவிடாது.

இனி குளியல். ஒரு நாளைக்கு ஒரு முறை போதும், ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளித்து வரும்போது தோல் சிவந்திருந்தால் அது வெதுவெதுப்பு இல்லை. சோப்புக்குப் பதிலாக நுரை குறைவான, வாசனை சேர்க்காத க்ளென்சர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் அக்குள், தொடை இடுக்கு, பாதம் என்று தேவைப்படும் இடங்களுக்கு மட்டும் போடுங்கள். வேர்க்காத, அழுக்குப் படாத கை கால்களுக்கு இந்தப் பருவத்தில் வெறும் தண்ணீரே தாராளம். இதைச் சொன்னால் பலர் என்னை அசுத்தத்துக்கு வக்காலத்து வாங்குபவர்போல் பார்ப்பார்கள். நுரை வந்தால்தான் சுத்தம் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. தேய்ப்பான், நார், ஸ்க்ரப் எல்லாவற்றுக்கும் குளிர் முடியும்வரை விடுமுறை கொடுங்கள். செதில் உதிர்கிறதே, தேய்த்து எடுத்தால் என்ன என்று கை பரபரக்கும். அந்தச் செதிலுக்கு அடியில் இருப்பது இன்னும் தயாராகாத தோல்.

அடுத்து வரும் மூன்று நிமிடம்தான் முக்கியம். துண்டால் தேய்க்காமல் ஒத்தி எடுங்கள். நீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கையை வைத்தால் ஈரம் தெரிய வேண்டும். அந்த நிலையில், உடை மாற்றுவதற்கு முன்னால், குளியலறைக் கதவைத் திறப்பதற்கும் முன்னால் க்ரீமைப் பூசிவிடுங்கள். குளிக்கும்போது தோல் கொஞ்சம் நீரைக் குடித்து ஊறியிருக்கும். அது ஆவியாகிப் போகும் முன் மூடி போடுகிறோம், விஷயம் இவ்வளவே. தலை துவட்டி, உடை மாற்றி, போனைப் பார்த்துவிட்டு இருபது நிமிடம் கழித்துப் பூசினால் மூடுவதற்கு உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. உங்கள் ஏழு க்ரீமில் நான்காவது நல்லதாகவே இருக்கலாம், பூசிய நேரம்தான் தப்பாக இருந்திருக்கும். அளவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க ஒரு முறை பூச ஏறக்குறைய 30 கிராம் பிடிக்கும். சின்ன டியூப் ஒரு மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசவில்லை, தொட்டுவைக்கிறீர்கள். பூசும்போது முடி வளரும் திசையிலேயே மேலிருந்து கீழே தடவுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்கள் அடைத்துப் பொரிப்பொரியாகக் கிளம்பும்.

இப்போது அந்த ஏழையும் மேசையில் பரப்புங்கள். முன்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள்; புட்டியைத் திருப்புங்கள். கவிழ்த்தால் தண்ணீராக ஓடுகிறதா? அது லோஷன். அதில் நீர்தான் அதிகம், கோடைக்கு எடுத்துவையுங்கள். விரலில் எடுத்தால் கூம்பாக நிற்கிறதா? அது க்ரீம், இப்போது வேலைக்கு ஆகும். பளபளவென்று நெய் மாதிரி இருக்கும் ஆயின்ட்மென்ட், பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை மூடி போடுவதில் எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனமானவை. பெட்ரோலியம் ஜெல்லிக்கு ராபர்ட் செஸ்பிரோ காப்புரிமை வாங்கியது 1872இல். இத்தனை ஆண்டு கழித்தும் ஈரம் வெளியேறாமல் தடுப்பதில் அதை மிஞ்சிய சரக்கு அநேகமாக இல்லை. பிசுபிசுக்கும், துணியில் ஒட்டும், அதனால் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலுக்குக் கிளிசரினோ செராமைடோ உள்ள க்ரீம். யூரியா 5 முதல் 10 சதவீதம் உள்ளது முழங்காலுக்குக் கீழே நன்றாகக் கேட்கும், ஆனால் வெடித்த இடத்தில் பட்டால் சுரீர் என்று எரியும். வெடிப்பு ஆறும்வரை அதைத் தள்ளிவையுங்கள்.

அடுத்த சல்லடை வாசனை. மூலப்பொருள் பட்டியலில் வாசனைப் பொருள் இருந்தால் எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் ஓரம் கட்டுங்கள். "மணமற்றது" என்று போட்டிருப்பதையும் நம்பிவிட முடியாது. மூலப்பொருள்களின் நெடியை அமுக்க வேறொரு வாசனையைக் கலந்துவிட்டும் அப்படி எழுதுவார்கள். "வாசனைப் பொருள் சேர்க்கப்படாதது" என்று இருக்கிறதா என்று பாருங்கள். "இயற்கை" என்ற சொல்லைக் கண்டும் மயங்க வேண்டாம். லாவெண்டர் எண்ணெயும் எலுமிச்சை எண்ணெயும் ஒவ்வாமை தருவதில் யாருக்கும் சளைத்தவையல்ல. இன்னொன்று, மெத்தில்ஐசோதயாசோலினோன். வாய் நுழையாத பெயர்தான், ஆனால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் இந்தப் பொருளை அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோலழற்சிச் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே அறிவித்தது. ஈரத் துடைப்பான்களில்கூட இருக்கும்.

முகத்துக்கு வருவோம். எதைப் பூசினாலும் காந்துகிறது என்றால் பூசும் பொருள் எல்லாமே கெட்டது என்று பொருளில்லை, சுவர் திறந்து கிடக்கிறது என்று பொருள். ரெட்டினால், பழ அமிலங்கள், வைட்டமின் சி சீரம், ஆல்கஹால் கலந்த டோனர் ஏதாவது பயன்படுத்தினால் இரண்டு மூன்று வாரம் அத்தனையையும் நிறுத்துங்கள். காலையில் வெறும் தண்ணீர், இரவில் மிதமான க்ளென்சர், இரண்டு வேளையும் ஒரே ஒரு க்ரீம். வெயில் இருக்கிறதே, குளிர்காலம்தானே என்று விட்டுவிடாதீர்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்திலேயே அடிக்கும். வழக்கமான சன்ஸ்கிரீன் எரிந்தால் துத்தநாக ஆக்சைடு உள்ளது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். எந்தப் புதுப் பொருளையும் முதலில் முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரே இடத்தில் தினம் இரு வேளை ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

"எண்ணெய் தடவினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்துக்குக் கடிதம் யாராவது கேட்கிறார்கள். எண்ணெய் வழுவழுப்பைத் தரும், ஓரளவு மூடியும் போடும். ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் வேலையைச் செய்யாது. ஆலிவ் எண்ணெயை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் அதிகமாக இருக்கும் ஒலெயிக் அமிலம் அந்தச் சாந்தையே குலைக்கிறது.

ராத்திரி அரிப்புக்குப் படுக்கையும் ஒரு காரணம். உடம்பு சூடேறும்போது அரிப்பும் ஏறும், ஆகவே படுக்கையறை ஹீட்டரைக் கொஞ்சம் குறையுங்கள். கம்பளி நேராக மேலே படாமல் உள்ளே பருத்தித் துணி இருக்கட்டும். கம்பளி குத்துவது பெரும்பாலும் ஒவ்வாமையால் அல்ல, இழையின் பருமனால்தான். 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகள் தோலைக் குத்தும், மெல்லிழை மெரினோ கம்பளியில் அந்தத் தொல்லை குறைவு. அறைக் காற்றில் ஈரம் ஏற்றும் ஹ்யூமிடிஃபையர் வைக்கலாம். தினம் தண்ணீர் மாற்றி, அடிக்கடி கழுவிக் காயவைக்க உங்களால் முடியும் என்றால் மட்டும் வையுங்கள். பாசி பிடித்த தொட்டி தோலைக் காப்பாற்றி நுரையீரலுக்கு வம்பை இழுக்கும். ஈரப்பதம் 40, 50 சதவீதத்தைத் தாண்டி ஜன்னலில் நீர் கோக்கவும் விட வேண்டாம்.

ராத்திரி ஆயின்ட்மென்ட் பூசிக்கொண்டு ஹீட்டர் பக்கத்தில் உட்காருபவராக இருந்தால் இதையும் கவனியுங்கள். இந்தப் பூச்சுகள் ஊறிக் காய்ந்த துணியில் தீப்பொறி பட்டால் சட்டென்று பிடித்து வேகமாக எரியும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. துவைத்தாலும் அந்தப் பிசுக்கு முழுக்கப் போகாது. மெழுகுவத்தி, அடுப்பு, சிகரெட் எல்லாவற்றிலிருந்தும் அந்தத் துணி தள்ளியே இருக்கட்டும்.

குளிர்கால அரிப்பு புது வியாதி ஒன்றுமில்லை. லூயிஸ் டூரிங் என்ற அமெரிக்க மருத்துவர் 1874இலேயே இதற்குத் தனிப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார். பெரும்பாலும் வீட்டிலேயே சரியாகும், மேலே சொன்னவற்றை விடாமல் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். வறண்ட குளம் பாளம் பாளமாக வெடித்ததுபோல் காலில் சிவந்த கோடுகள் ஓடினால், நீர் கசிந்தால், மஞ்சள் பொருக்குக் கட்டினால் அந்த மூன்று வாரமும் காத்திருக்க வேண்டாம். தோலில் வறட்சியே தெரியாமல் உடம்பு முழுக்க அரித்தாலும் போய்ப் பாருங்கள். தைராய்டு, சிறுநீரகம், ஈரல் பக்கம் ஏதாவது இருக்கலாம். புதிதாக மாத்திரை ஏதாவது தொடங்கியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். இடைப்பட்ட நேரத்தில், வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்து மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு க்ரீமை எடுத்துப் பூசிவிடாதீர்கள், முகத்தில் கண்டிப்பாகக் கூடாது. முதல் நாள் அற்புதம் மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து, நிறுத்தியதும் முகம் சிவந்து கொப்பளிக்கும்.

அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தீர்களே, உதடு. நாக்கால் ஈரப்படுத்துவதை நிறுத்துங்கள். எச்சிலில் இருப்பது உணவைச் செரிக்கவைக்கும் நொதிகள். அவை உதட்டையும் விட்டுவைப்பதில்லை, ஈரம் ஆவியாகும்போது இருந்ததும் சேர்ந்து போகும். புதினாக் குளிர்ச்சி தரும் லிப் பாம் வேண்டாம், அந்தக் குறுகுறுப்பே மறுபடி நாக்கை வரவழைக்கும். வெறும் பெட்ரோலியம் ஜெல்லியை ஒரு சின்னச் சிமிழில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு வெளியே வரும்போதெல்லாம் விரல் முந்திக்கொள்ளட்டும்.