டீயைவிட மலிவா டேட்டா?

கேள்வி: ஒரு ஜிபி டேட்டா இன்று ஒரு டீயின் விலைக்குக் கிடைக்கிறது. கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைகளும் செல்போனோடுதான் திரிகிறார்கள். ஏழை மாணவர்களுக்கு இணையம் எட்டவில்லை என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அது பழைய பாட்டு அல்லவா?
– வாசகர் ஒருவர், திருமங்கலம்

பதில்: டீயை வேண்டும்போது ஒன்று வாங்கிக் குடித்துவிடலாம். டேட்டாவுக்கு 28 நாள் பணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் திட்டம் நாட்டின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனத்திடமே 2024 ஜூலையில் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாய்க்கு ஏறியது. 28 நாள் கணக்கு என்பதால் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்தாக வேண்டும். அது 3,887 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். செய்த வேலையை அளக்கும்போது குறைந்தால் அதுவும் முழுதாகக் கைக்கு வராது. இரண்டு போன் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 23 நாள் கூலி ரீசார்ஜுக்கே போய்விடும். உங்களுக்கும் எனக்கும் ஒரு ரீசார்ஜ் என்பது ஒரு ஹோட்டல் சாப்பாட்டுச் செலவு.

கையில் போன் இருப்பதும் இணையம் வசப்படுவதும் ஒன்றல்ல. கடந்த மே மாதம் உசிலம்பட்டியில் ஒரு பிரௌசிங் சென்டரில் காத்திருந்தபோது, பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி தன் தாயோடு கல்லூரிக்கு விண்ணப்பிக்க வந்திருந்தாள். விடியற்காலையில் மல்லிகை பறித்துப் போட்டுவிட்டு வந்த அந்தத் தாயின் விரல் நுனிகள் இன்னும் ஈரத்தில் சுருங்கியிருந்தன. மின்னஞ்சல் முகவரியைக் கடைக்காரரே உருவாக்கி, கடவுச்சொல்லைத் தன் நீள நோட்டில் எழுதிக்கொண்டார். ஓடிபி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அண்ணனின் போனுக்குப் போனது. அவன் ஷிப்டில் இருந்தான். மூன்று முறை ஓடிபி காலாவதியான பிறகு நான்காம் முறைதான் அவன் எடுத்தான். அதற்குள் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டதால், எந்தப் பாடத்தை முதல் விருப்பமாக வைப்பது என்பதைக் கடைக்காரரே அவசரமாக முடிவு செய்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இல்லையென்றால் அந்தப் பெண் விண்ணப்பித்தே இருக்க முடியாது. ஆனால், ஒரு கணினியின் முன் தனியாக அரை மணி நேரம் உட்கார வழியில்லாததால், தான் என்ன படிப்பது என்பதையே இன்னொருவர் கையில் விட்டுவிட்டு அவள் வீடு திரும்பினாள்.

பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணைய வழியில்தான் நடக்கிறது. அதையொட்டி நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் (2017-18) இந்திய அளவில் கிராம வீடுகளில் கணினி இருந்தவை 100க்கு நான்கைந்துதான், நகரங்களில் 23. அதன்பின் பெருகியவை பெரும்பாலும் செல்போன்களே. மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் நின்று, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என 2025-26 நிதிநிலை அறிக்கையில் மீண்டும் அறிவிக்கப்பட்டது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பெண் தடுமாறியது கல்லூரியின் வாசலில். மடிக்கணினி கிடைப்பதோ உள்ளே நுழைந்தவர்களுக்கு.

இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில், ஃபஹீமா ஷிரின் என்ற விடுதி மாணவி தொடுத்த வழக்கில், கேரள உயர் நீதிமன்றம் கூறியது. உரிமை என்றால் அதற்கு நடந்துபோகும் தொலைவில் ஓர் இடம் வேண்டும். மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் நமக்குப் பெருமைதான். உசிலம்பட்டிப் பெண்ணுக்கு அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நான் கேட்பது, ஒவ்வொரு ஊர்ப்புற நூலகத்திலும் மூன்று கணினி, ஓர் இணைய இணைப்பு, ஒரு பிரிண்டர். விண்ணப்பக் காலமான மே, ஜூன் மாதங்களிலாவது இரவு எட்டு மணி வரை திறந்த கதவு. இதற்குப் புதிய வரி எதுவும் தேவையில்லை. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி ஏற்கெனவே வசூலாகிறது. திருமங்கலத்தில் நீங்கள் கட்டிய வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதிலும் அந்தத் தொகை இருக்கும்.