முதல் முறையாகச் சிறுவர் பேஸ்பால் அணிக்குப் பயிற்சி தருகிறேன். ‘பிட்ச் கவுன்ட்’ என்றால் என்ன?

ஒரு பிட்சர் (பந்து வீசுபவர்) ஒரு நாளில் பேட்டர்களுக்கு வீசும் பந்துகளின் எண்ணிக்கைதான் பிட்ச் கவுன்ட். பேட்டிங் வரிசை, ஃபீல்டிங் எல்லாம் போகப்போகப் பிடிபட்டுவிடும்; இதை மட்டும் முதல் ஆட்டத்துக்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன்.

காரணம் முழங்கை. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் இன்னும் கெட்டிப்படாத குருத்தெலும்பு இருக்கும். ஒவ்வொரு வீச்சும் முழங்கையின் உள்பக்கத்தில் அதைப் பிடித்து இழுக்கிறது. கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒன்றும் ஆகாது. ஒரே இடத்தில் வளைத்துக்கொண்டே இருந்தால் பட்டென்று முறியும் அல்லவா? அதே கதைதான். ஒரே வித்தியாசம், கைக்கு ஓய்வு கொடுத்தால் தேறிவிடும்.

அதனால்தான் அமெரிக்காவின் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் விதிகள் 7–8 வயதுக்கு ஒரு நாளைக்கு 50, 9–10க்கு 75, 11–12க்கு 85 என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஓய்வும் கட்டாயம்: 21 பந்து வீசினாலே 1 நாள், 66ஐத் தொட்டால் 4 நாள். 41 வீசியவரை அன்றைக்குக் கேட்சராகவும் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடித்து, திருப்பி வீசுபவர்) நிறுத்தக் கூடாது. கேட்சரும் வீசிக்கொண்டேதானே இருக்கிறார்! அப்புறம், எண்ணும் வேலையை வேறொருவரிடம் விடுங்கள். ஆட்டச் சூட்டில் நமக்குக் கணக்குத் தவறிவிடும்.

பலர் 85 என்பதைப் பந்து வீசும் பையன் வீசித் தீர்க்க வேண்டிய பங்கு என்று நினைக்கிறார்கள். அது உச்சவரம்பு மட்டுமே, 40ஆவது பந்திலேயே அவன் முழங்கையைத் தடவினால் அப்போதே ஆளை மாற்றிவிட வேண்டும்.