ஒரு பட்டுப்புடவை, ஒரு கையெழுத்து

கேள்வி: எனக்கு வயது 61. தாத்தா காலத்து நஞ்சை 3 ஏக்கர் இருக்கிறது. மகன் பெயருக்கு எழுதலாமென்றால், 40 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்த மகள் சமபங்கு கேட்டுச் சட்டம் பேசுகிறாள். 1996-ல் என் தங்கை ஒரு பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டு, மறுபேச்சில்லாமல், பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் ஏனோ அவள் அதிகம் வந்துபோவதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாசத்தைவிடப் பங்குதான் பெரிதா?
- பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: ஐயா, மகளைப் பற்றிய புகாரை ஓரமாக வையுங்கள். தங்கையைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதினீர்களே, 'ஏனோ' என்று. ஏன் என்று உண்மையிலேயே தெரியாதா?

உரிமை இல்லாதவரிடம் யாராவது கையெழுத்து வாங்குவார்களா? பத்திரம் எழுதி, முத்திரைத்தாள் வாங்கி, ரிஜிஸ்டர் ஆபீஸ் பெஞ்சில் அவளை உட்காரவைத்து... பங்கு உண்டென்று தெரிந்துதானே இத்தனையும்! மறுபேச்சுப் பேசினால் அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்று பயந்திருப்பாள். கையெழுத்தும் போட்டாள், வாசலும் அடைபட்டது.

இந்தக் காலத்துச் சட்டம் என்று அலுத்துக்கொள்ளவும் உங்களுக்கு வழியில்லை. அப்பா சொத்தில் மகளுக்கும் பங்கு தந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ல் வந்தது, உங்களைவிட மூத்தது. பூர்வீகச் சொத்தில் சம உரிமை, மணமாகாத பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-லேயே கிடைத்தது. 2005-ல் மணமான பெண்களுக்கும் சேர்த்து நாடு முழுக்க வந்தது. மிச்சத்தை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

40 பவுன் கணக்கா? சரி, மகன் படிப்புக்குக் கட்டிய ஃபீஸை அவன் பங்கில் கழித்தீர்களா?

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் பெரிது. பெற்றவர்கள் போனபிறகு ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சுவது அண்ணன் வீடுதான். வருஷா வருஷம் பொங்கல் சீரோடு போய் அவள் வாசலில் நிற்க வேண்டியவர் நீங்கள். சீரைப் பற்றிக் கடிதத்தில் மூச்சே இல்லை. அதையும் நிறுத்திவிட்டீர்களோ என்னவோ.

பத்திர வேலையைத் தள்ளிவையுங்கள். முதலில் தங்கை வீட்டுக்குப் போங்கள். போன் எல்லாம் வேண்டாம், நேரில். மகளையும் கூட்டிப்போங்கள். அன்றைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் என்ன நினைத்தாய் என்று அத்தையிடம் அவளே கேட்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

பூவும் பழமும் வாங்கிப்போனால் போதும். பட்டுப்புடவை மட்டும் வேண்டாம்.