ஃபால்ஸ் சீலிங்கைப் பிரிக்கும் முன்: மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்களின் கேள்விகள்

அண்ணா நகர்: சார், எங்களுடையது கடைசி மாடி. 1990களில் போட்ட தெர்மகோல் சீலிங் மஞ்சளாகிவிட்டது. ஜிப்சம் போடப் போகிறோம். கான்ட்ராக்டர் அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம் என்கிறார்.

பதில்: அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஒரு பலகையை மேலே தள்ளி நகர்த்திவிட்டு, மொபைல் டார்ச் அடித்து மேலே உள்ள கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பி ஓடும் வரிசையில் நீள விரிசல், துருக்கறை, வெள்ளையாகப் பூத்த உப்பு, இதில் எது தெரிந்தாலும் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். சுத்தியல் காம்பால் லேசாகத் தட்டுங்கள். கெட்டியாகக் கேட்டால் சரி. பொத்துப் பொத்தென்றால், உள்ளே கம்பி துருவேறி உப்பிக் கான்கிரீட்டை வெளியே தள்ளியிருக்கலாம். அங்கே ஆங்கர் போல்ட் அடித்துச் சீலிங்கைத் தொங்கவிட்டால் காரையும் சீலிங்கும் சேர்ந்தே தலையில் விழும். தளர்ந்த காரையைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலவையால் மூட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

அப்புறம் மாடிக்குப் போங்கள். தட்டோடு இடுக்குகள், கைப்பிடிச்சுவர் ஓரம், மழைநீர்க் குழாய் வாய், இந்த மூன்றில்தான் பெரும்பாலும் கசிவு. தளம் நல்ல நிலையில் இருந்தால் குழாய் வாயை அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் கட்டி வையுங்கள். (அசோசியேஷனிடம் முதலில் கேட்டுவிடுங்கள், சண்டை வேண்டாம்.) காரை பெயர்ந்த தளத்தில் இந்தச் சோதனை கூடாது. இதெல்லாம் அக்டோபர் மழைக்கு முன்பே முடியட்டும்.

வேளச்சேரி: ஜிப்சமா, பிவிசியா, கால்சியம் சிலிகேட்டா?

பதில்: மொட்டை மாடிக்குக் கீழே என்றால் என் ஓட்டு, இரண்டுக்கு இரண்டு அடி கிரிட்டில் வைக்கும் கால்சியம் சிலிகேட் பலகைக்கு. ஈரம் தாங்கும், சந்தேகம் வந்தால் தூக்கிப் பார்க்கலாம். ஜிப்சம் அழகுதான், நனைந்தால் தொங்கிவிடும். பிவிசியைப் பாத்ரூமோடு நிறுத்துங்கள்.

மயிலாப்பூர்: தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. சீலிங் கம்பியை எதில் மாட்டுவது?

பதில்: செங்கலில் துளை போடவே கூடாது. சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக நிற்கும் செங்கல் அது. மாட்டினால் அதைத் தாங்கி நிற்கும் தேக்குக் கட்டையில்தான். பழையதைப் பிரித்ததும், கட்டை சுவருக்குள் நுழையும் முனையைப் பாருங்கள். கரையானும் ஈரமும் அங்கேதான் தொடங்கும். கட்டை நன்றாக இருந்தால் புதுச் சீலிங் எதற்கு? அந்தத் தேக்கை மறைக்க எனக்கு மனசு வராது.

அம்பத்தூர்: ஆபீஸில் பழைய சிமென்ட் பலகை. ஆஸ்பெஸ்டாஸாக இருக்குமோ?

பதில்: கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, லேப் சோதனை தேவை. அதுவரை உடைக்கவோ, அறுக்கவோ, டிரில் போடவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் நோய் பல வருடம் கழித்துத்தான் தலைகாட்டும்.

பெரம்பூர்: புதுச் சீலிங் போட்டால் மே மாத வெக்கை குறையுமா?

பதில்: ஓரளவு. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் ராத்திரியில்தான் கக்கும். அதனால் முதல் செலவு மாடியில், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்டுக்கு, மிச்சம் சீலிங்குக்கு. ஃபேன் மட்டும் தளத்துக் கொக்கியிலேயே தொங்கட்டும்.

போரூர்: மழையே இல்லை, சீலிங்கிலிருந்து சொட்டுகிறது!

பதில்: ஏசி ரூமா? இரண்டு நாள் ஏசியை நிறுத்திப் பாருங்கள். சொட்டு நின்றால் கோளாறு மாடியில் இல்லை. செப்புக் குழாயின் உறை கிழிந்து வியர்க்கலாம், அல்லது ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். ஏசி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், கொத்தனாரை அல்ல.